ஐந்தாவது கியர்: ஒரு சென்னை வேனின் வரலாறு

ஒரு மோட்டார் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் சேஸிஸ் எண் இருக்கும். எஞ்சின் எண் இருக்கும். தயாரித்த நிறுவனத்தின் பெயர், ஆண்டு, இருக்கைகளின் எண்ணிக்கை, வண்டியின் நிறம் ஆகியவையும் இருக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்து, வண்டியின் ஆயுள் முழுவதும் பாரம் தாங்கும் கியர்பாக்ஸுக்கு மட்டும் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே ஆவணங்களைக் கொண்டு வண்டிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த ஓர் உறுப்பைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகின்றனர். அவ்வாறு தவறிப்போன ஒரு சிறு வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காண முயல்கிறோம்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கோபாலபுரத்தில் வசிக்கும் எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், 1972-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு 20 வேன் ஒன்று தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அவருடைய தந்தையார் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தியவர். காகித ரீம்களையும் கட்டி முடித்த புத்தகங்களையும் சுமந்து ஊரெல்லாம் சுற்றிய வண்டி அது. 1977-இல் மவுண்ட் ரோட்டிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் சென்னையின் முதல் புத்தகக் கண்காட்சி நடந்தபோது, புத்தகக் கட்டுகளை ஏற்றிச் சென்றதும் இவ்வண்டியே என்று அவ்வீட்டார் இன்றும் பெருமையோடு சொல்வர். அதை மீண்டும் ஓடவைத்து, புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தென்மாவட்டங்களுக்குச் செல்லவேண்டும் என்பது நண்பரின் நெடுநாள் விருப்பம். எஞ்சின் உயிர் பெற்றுவிட்டது. கியர்பாக்ஸ்தான் தடையாக நிற்கிறது. இரண்டாவது கியரின் பற்கள் தேய்ந்துவிட்டன. மூன்றாவது கியர் போட்டவுடன் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. பார்த்த மெக்கானிக், "சார், இதைக் கழட்டிப் போட்டுட்டு அஞ்சு கியர் பொட்டி மாட்டிடலாம். மதுரை வரைக்கும் எஞ்சின் கத்தாது" என்று கூறிவிட்டார். அப்பா ஓட்டிய வண்டி, அதன்பின்னும் அப்பாவின் வண்டியாகவே இருக்குமா என்பது நண்பரின் கேள்வி. இயந்திரம் அறிந்தவர்கள் அல்லர் நாம். எனினும் கேள்வி வரலாறு சார்ந்ததாகப் படவே, விடையை வரலாற்றில் தேடினோம்.

கியர்பாக்ஸ் எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள் சுழன்றால்தான் போதிய வலுவைத் தரும். நின்ற வண்டியைக் கிளப்ப வேகம் குறைந்து வலு மிகவேண்டும். ஓடும் வண்டிக்கு வலு குறைந்தாலும் வேகம் மிகவேண்டும். இவ்விரண்டையும் ஒரே எஞ்சினிலிருந்து பெறுவதற்காகச் சிறிதும் பெரிதுமான பற்சக்கரங்களை இணை இணையாக வைத்து மாற்றிக்கொள்கிறோம். 1891-இல் பிரான்சின் பானார் - லெவாஸோர் வண்டியில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரங்களை உரசலின்றி இணைக்க உதவும் சின்க்ரோமெஷ் முறையை அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்தது. அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை பெரும்பாலும் கியர்களின் எண்ணிக்கையைக் கூட்டிய கதைதான்.

அச்சு, ஆர், குடம், சூட்டு, கடையாணி என்று தேர்ச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே பெயர் வைத்தது நம் மொழி. பாடநூல்கள் 'பல்லிணை' என்ற அழகிய சொல்லைத் தந்தும், பட்டறைகளில் 'கியர்' என்பதே நிலைத்துவிட்டது. பட்டறையைப் பற்றிய கட்டுரையாதலால் நாமும் அச்சொல்லையே ஆள்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கும் மோட்டார் வண்டிக்குமான உறவு பழையது. 1903-இலேயே சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் இங்கே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். எனினும் வண்டித் தொழில் என்று சொல்லத்தக்கது வேர்பிடித்தது விடுதலைக்குப் பின்னரே. 1948-இல் எண்ணூரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1948-இல், சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் இணைந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. நகருக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் அதன் தொழிற்சாலை எழுந்தது. 1953-இல் மைய அரசு, படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய முன்வரும் நிறுவனங்கள் மட்டுமே தொடரலாம் என்று முடிவு செய்தது. பாகங்களை வரவழைத்துப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று நம் ஸ்டாண்டர்டு.

அந்நிறுவனத்தின் முதல் வண்டியான வான்கார்டு காரைப் பற்றி ஒரு செய்தியைக் குறிப்பிட்டாக வேண்டும். அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினும், உலகப் புகழ்பெற்ற ஃபெர்கூசன் டிராக்டரின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்து எஞ்சினையே சற்று மாற்றி ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற பந்தயச் சாயல் கொண்ட காரிலும் இங்கிலாந்தில் பொருத்தினர். வயலில் உழுததும், கனவான்களைச் சுமந்ததும், இளைஞர்களைப் பறக்கவிட்டதும் ஒரே வார்ப்பு. வேறுபாட்டை உண்டாக்கியதில் கியர்பாக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. வான்கார்டுக்கு மூன்று கியர், டி.ஆர்.2-க்கு நான்கு. எஞ்சின் வண்டியின் வலுவைத் தீர்மானிக்கிறது என்றால், அந்த வலு எந்தத் தொழிலுக்குப் பயன்படும் என்பதைக் கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது.

1958-இல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்ற பெயரில் ஒரு சிறு வேன் வெளிவந்தது. ஓட்டுநர் வண்டியின் முகப்பிலேயே அமர, எஞ்சின் இரு இருக்கைகளுக்கும் நடுவே மூடியிட்டு இருக்கும் அமைப்பு. முதலில் அதற்கு வைத்த 948 சி.சி. எஞ்சின் போதவில்லை. பின்னர் வான்கார்டு வழிவந்த பெரிய எஞ்சின்களைப் பெற்று, லேலண்ட் 20 என்று பெயரும் மாறியது. 1968-இல் அங்கே அதன் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் சென்னையில் ஸ்டாண்டர்டு 20 என்ற பெயரோடு அது தொடர்ந்து வாழ்ந்தது. ஹெரால்டு, கெஸல் ஆகிய கார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்த எழுபதுகளின் இறுதியில், வண்டலூர்த் தொழிற்சாலையைத் தாங்கி நின்றது ஒரு டன் சுமக்கும் இந்த வேன் வரிசைதான். தாய்நாட்டில் மறக்கப்பட்ட வண்டி, நம் ஊரில் ஒரு நிறுவனத்தையே காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு நான்கு கியர்கள். ஐந்தாவது ஏன் வரவில்லை? இதை வெறும் பின்தங்கல் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. உரிமங்களும் இறக்குமதித் தடைகளும் நிலவிய காலத்தில் ஒரு புதிய கியர்பாக்ஸுக்கு வேண்டிய அச்சுகளையும் இயந்திரங்களையும் வரவழைப்பது எளிதன்று. வாங்குவோர் வரிசையில் காத்திருந்த காலம் ஆதலால் மாற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய சாலைகள் ஐந்தாவது கியரைக் கேட்கவில்லை. மாட்டுவண்டியோடும் மிதிவண்டியோடும் பகிர்ந்துகொண்ட குறுகிய தார்ச் சாலையில், மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்பதே நல்ல வேகம். அதற்கு நான்கு கியர் தாராளம்.

இன்றைய சாலையில் நிலைமை வேறு. ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, பின் அச்சில் 4.5-க்கு 1 என்ற குறைப்பும், ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் உருளும் சக்கரமும் உள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். நான்காவது கியர் நேர் கியர். எஞ்சின் சுற்றும் அதே வேகத்தில் பின்னால் செல்லும் தண்டும் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு 84 கிலோமீட்டர் செல்லும். அதற்கு மேல் 0.8 என்ற விகிதமுள்ள ஐந்தாவது கியர் இருந்தால், அதே 84 கிலோமீட்டருக்கு எஞ்சின் 2400 முறை சுற்றினால் போதும். ஒரு மணி நேரத்தில் 36,000 சுற்றுகள் மிச்சம். ஐம்பது ஆண்டு கடந்த எஞ்சினுக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "எஞ்சின் கத்தாது" என்று மெக்கானிக் ஒரே சொல்லில் சொன்னதன் விரிவு இதுவே.

ஐந்தாவது கியர் நம்மிடையே பரவியதற்கு ஜப்பானியத் தொழில்நுட்பத்தின் வருகையே முதற்காரணம். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதையொட்டி எண்பதுகளின் நடுவில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்டா, மிட்சுபிஷியோடு இணைந்த ஐஷர் ஆகிய நான்கும் சிறு லாரிகளைக் கொண்டுவந்தன. ஸ்டாண்டர்டு 20 செய்துவந்த வேலையை அவை குறைந்த ஓசையோடும் கூடுதல் வேகத்தோடும் செய்தன. ஐந்து கியர் என்பது ஓட்டுநர்களுக்குப் பழக்கமான பொருளாயிற்று. கார்களில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா 1.8 லிட்டர் இஸுஸு எஞ்சினோடு ஐந்து கியரையும் பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே இணை அம்பாசிடருக்கும் வந்தது. அதுவரை ஸ்டியரிங் தண்டை ஒட்டியிருந்த கியர் நெம்புகோல் தரைக்கு இறங்கியதும் அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் நம் பட்டறைகளின் வரலாறு தொடங்குகிறது. கான்டெஸா 2002-இலும் அம்பாசிடர் 2014-இலும் உற்பத்தி நின்றுபோயின. ஆனால் உடைக்கப்பட்ட கார்களிலிருந்து கழற்றிய ஐந்து கியர்ப் பெட்டிகள் பழைய பொருள் சந்தைகளுக்கு வந்தவண்ணம் இருந்தன. கோபாலபுரத்திலிருந்து ராயப்பேட்டை வழியாக ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றால் புதிய உதிரிபாகங்கள். இன்னும் சற்று வடக்கே, கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டைக்குச் சென்றால் பழையவை. இரண்டுக்கும் நடுவே லேத் பட்டறைகள். ஒரு நிறுவனம் செய்த வண்டியில் வேறொரு நிறுவனத்தின் கியர்பாக்ஸைப் பூட்டும் கலை இந்த மூன்று கிலோமீட்டர் வட்டத்தில் வளர்ந்தது. அதற்குப் பாடநூல் இல்லை, பட்டயம் இல்லை.

அக்கலையின் நுட்பத்தைக் கேட்டறிந்தவரையில் சொல்கிறோம். முதலில், எஞ்சினின் பின்முகத்திலுள்ள போல்ட் துளைகளும் புதிய கியர்பாக்ஸின் மணிவடிவ ஹவுசிங்கும் பொருந்தா. ஆகவே நடுவே ஒரு கனத்த தகட்டை லேத்தில் கடைந்து வைக்கவேண்டும். எஞ்சினின் அச்சும் கியர்பாக்ஸின் அச்சும் இம்மியளவும் பிசகாமல் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பிசகினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங்குகள் ஓலமிடும். அடுத்து, கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையிலுள்ள வரிப்பற்கள் புதிய தண்டுக்கு ஏற்றவையாக அமையவேண்டும். அத்தண்டின் நுனி ஃப்ளைவீல் நடுவில் அமரும் சிறு புஷ்ஷும் புதிதாகக் கடையப்படவேண்டும். ஐந்து கியர்ப் பெட்டியின் நீளம் வேறாதலால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டை வெட்டியோ நீட்டியோ மீண்டும் சமன் பார்க்கவேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் விகிதமும் மாறும். எஞ்சின் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் இத்தகைய வேனில், நெம்புகோல் ஓட்டுநரின் கைக்கு எட்டும்படி இணைப்புத் தண்டுகளை அமைப்பதே மிகக் கடினமான வேலை. இறுதியாக, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம். அதைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கிறது.

ஐந்து என்ற எண்ணைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. பாரவண்டிகளுக்கான சில ஐந்து கியர்ப் பெட்டிகளில் ஐந்தாவதே நேர் கியராக இருக்கும். கூடுதலாகக் கிடைப்பது மேடேற உதவும் முதல் கியர் மட்டுமே. அதைப் பூட்டினால் நெடுஞ்சாலையில் எந்தப் பயனும் இல்லை. பெட்டி தாங்கும் சுமையும் முக்கியம். இங்கிலாந்தின் ரோவர் கார்களில் வந்த எல்.டி.77 என்ற ஐந்து கியர்ப் பெட்டியின் பெயரிலுள்ள 77, உள்ளே இருக்கும் இரு தண்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. அவ்விடைவெளி கூடினால் பற்சக்கரங்கள் பெரிதாகும். பெட்டி மிகுந்த திருகுவிசையைத் தாங்கும். காருக்கென்று செய்த பெட்டி ஒரு டன் புத்தகத்தைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அத்தோடு, வேகம் கூடினாலும் பிரேக்குகள் பழைய டிரம் பிரேக்குகளே. ஐந்தாவது கியரை எஞ்சினின் ஓய்வுக்காகப் பயன்படுத்தலாமேயன்றி வேகத்துக்காக அன்று.

ரோவரைக் குறிப்பிட்டதால் ஸ்டாண்டர்டின் முடிவையும் சொல்லிவிடுவோம். 1977-இன் ஐரோப்பியச் சிறந்த கார் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ரோவர் எஸ்.டி.1 காரின் உடலை வாங்கி, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் அந்நிறுவனம் வெளியிட்டது. ஆனால் உள்ளே வைத்தது வான்கார்டு காலத்துப் பழைய 1991 சி.சி. எஞ்சின். விலையோ மிக அதிகம். ஜப்பானிய எஞ்சின்களை ஓட்டிப் பார்த்துவிட்ட மக்கள் அதை ஏற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. 2006-இல் தொழிற்சாலையில் எஞ்சிய பொருள்கள் ஏலம் போயின; ரோவர் பாகங்களைப் பிரிட்டனைச் சேர்ந்த பழைய கார் உதிரிபாக நிறுவனமொன்று வாங்கி மீண்டும் கப்பலேற்றியது. கடல் கடந்து வந்தவை கடல் கடந்து திரும்பின.

இனி சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. கியர்பாக்ஸோ அந்தச் சான்றிதழில் இடம்பெறவே இல்லை. 2021 ஜூலையில், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் தரும் விதி வந்தது. சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இங்கும் கியர்பாக்ஸுக்குப் பெயர் இல்லை. ஆனால் மேலே சொன்ன குறுக்குச் சட்டத்தை நினைவுகூர வேண்டும். பெரிய பெட்டியை நுழைப்பதற்காக அதை அறுத்து வெல்டிங் வைத்தால், அது சேஸிஸில் செய்த மாற்றமாகிவிடும். கியர்பாக்ஸ் ஏட்டில் இல்லாவிட்டாலும் அது விட்டுச்செல்லும் தழும்பு ஏட்டிலுள்ள உறுப்பின் மேல் விழுகிறது.

நண்பரின் முன் இருந்த தேர்வு இப்போது தெளிவாகியது. பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்துகொண்டால் அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிபத்துக்கோ பயன்படுத்த விதி இடங்கொடாது. புத்தகம் ஏற்றி விற்கச் செல்ல முடியாது. உழைக்கும் வண்டியாகவே வைத்துக்கொண்டால், அது தன் கியர்பாக்ஸைத் துறந்தாக வேண்டும். அருங்காட்சியகப் பொருளா, புத்தக வண்டியா?

நாங்கள் கண்ட வரலாறு ஒரு விடையைத் தந்தது. இவ்வண்டி எக்காலத்திலும் 'தூய' வண்டியாக இருந்ததே இல்லை. டிராக்டரின் உறவான எஞ்சினையும், இங்கிலாந்தில் கைவிடப்பட்ட உடலையும் கொண்டு, சென்னைத் தொழிலாளர்கள் கட்டி எழுப்பிய வண்டி அது. கிடைத்ததைக் கொண்டு ஓடவைப்பது என்ற அதே வழக்கத்தின் தொடர்ச்சியாகவே ஜப்பானிய மரபில் வந்த ஐந்து கியர்ப் பெட்டி அதில் ஏறுகிறது. அதன் தந்தைமை உழைப்பில் இருந்ததேயன்றிப் பற்சக்கரத்தில் இல்லை. ஆகவே மாற்றலாம் என்றோம். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. சேஸிஸில் ஓர் அங்குலமும் அறுக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு நிற்கும் தாங்கியைத் தனியே செய்யவேண்டும். வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய பெட்டியை எடைக்குப் போடாமல், கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றிப் பாதுகாக்கவேண்டும். பேரன் ஒருநாள் பழைய நிலைக்கே திருப்ப நினைத்தால், ஒரு வாரத்தில் திருப்ப இயலவேண்டும்.

மெக்கானிக் முதலிரண்டுக்கும் கூலியைச் சற்றுக் கூட்டினார்; மூன்றாவதற்குச் சிரித்தார். பின்னர் அவரே, எந்தப் பெட்டி, எந்த வண்டியிலிருந்து கழற்றியது, தகட்டின் கனம் எவ்வளவு, தண்டை எத்தனை அங்குலம் குறைக்கப்போகிறார் என்பவற்றை எல்லாம் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். முப்பது ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்பவரிடம் இதுவரை யாரும் அவற்றைக் கேட்டு எழுதியதில்லையாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி மாற்றம் பெற்ற பழைய வண்டி ஏதேனும் இருந்தால், அதன் பட்டறைக்காரர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நம் ஊரின் தொழில் வரலாற்றில் பெரும்பகுதி அவ்வாறு கேட்கப்படாமல் கிடக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் நான்கு பக்கங்கள் இப்போது நண்பரின் வேனில், ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே உறையில் இருக்கின்றன.